டெம்போ அண்ணனின் அரை லிட்டர் பால்

பெங்களூரில் இரண்டே வகை மனிதர்கள்தான் உண்டு: டெம்போ அண்ணன் வீடு மாற்றிக் கொடுத்தவர்கள், நிம்மதி இல்லாதவர்கள். இது அவரே சொல்லிக்கொண்டது. லிங்கராஜபுரத்தில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, வண்டிதான் பெயர். கழுத்தில் ஜெபமாலை தொங்கும். ஆனால் ராகுகாலத்தில் ஒரு தலையணையைக்கூட ஏற்ற மாட்டார். நான் கேட்டால், "ஏசப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு டீச்சர். கியர்பாக்ஸ்தான் கோச்சிக்கும்" என்பார்.

போருக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்து சேரும் குடும்பங்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் வேலையை நாங்கள் சில பேர் லீவு நாட்களில் செய்துகொண்டிருந்தோம். வீட்டு ஓனர்களிடம் கெஞ்சுவது என் இலாகா. சாமான் ஏற்றி இறக்குவது அண்ணன் இலாகா. கூலி வாங்க மாட்டார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: புது வீட்டில் பால் பொங்க வேண்டும். அரை லிட்டர் பாக்கெட்டை அவரே வாங்கி வருவார். பால் வழிந்து அடுப்பை நனைத்தால்தான் அவரைப் பொறுத்தவரை ஷிஃப்டிங் முடிந்தது. அதுவரை வண்டியை எடுக்க மாட்டார்.

பால் பொங்குவதைப் பார்த்துப் பதறாத ஜனம் உலகத்தில் உண்டா? சூடானிலிருந்து வந்த பையன்கள் பாத்திரத்தை இறக்கப் பாய்ந்தார்கள். அண்ணன் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"விடுங்கடா! பொங்கட்டும்! பொங்கட்டும்!"

தொண்டையை உயர்த்தினால் எந்த நாட்டுக்காரருக்கும் தமிழ் புரிந்துவிடும் என்று அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. பையன்கள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்கள். வேண்டாவெறுப்பாக வீடு கொடுத்திருந்த ஓனர் சத்தம் கேட்டு மாடியேறி வந்து, "ஏனு கலாட்டே இது?" என்றார்.

"ஹாலு உக்குஸ்தா இதீவி சார்!" என்று அண்ணன் கன்னடத்தில் கத்தினார்.

பால் பொங்கவைக்கிறோம் என்றதும் ஓனர் முகமே மாறிவிட்டது. மனிதர் கீழே போய்ச் சர்க்கரை டப்பாவோடு திரும்பி வந்தார். பையன்களுக்கு அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

இப்படி ஜெயித்துக்கொண்டே வந்த அண்ணன், ஜீவனஹள்ளியில் பரீதாவிடம் தோற்றார். இரண்டு பெண்பிள்ளைகளோடு காபூலிலிருந்து வந்தவள் அவள். அம்மாவையும் வீட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். பால் விளிம்புக்கு ஏறியதும் டக்கென்று அடுப்பை அணைத்துவிட்டாள்.

"அம்மா தாயே, இன்னும் துளியூண்டு!"

"நஹீ பாய். யே மேரா கர் நஹீ."

இது என் வீடு இல்லை என்றால் இல்லைதான். இங்கே பால் பொங்கிவிட்டால் அங்கே திரும்பிப் போகமாட்டோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. பிள்ளைகளின் உடுப்பைப் பெட்டியிலிருந்தே எடுத்து, துவைத்து, பெட்டியிலேயே வைத்தாள்.

அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ ஷிஃப்டிங் முடியல டீச்சர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி அங்கே நிற்கும். கையில் பால் பாக்கெட். "இன்னிக்கி?" என்பார். "நஹீ பாய்" என்று சிரிப்பாள். பால் ஏறும், விளிம்பில் அணையும், ஏலக்காய் டீயாக மாறி அவர் கைக்கு வரும். பிள்ளைகளை ஸ்கூலில் சேர்க்க என்னோடு அலைந்தார். சிலிண்டர் தூக்கிப் போட்டார். சின்னவளுக்குக் காய்ச்சல் என்றால் ராகுகாலத்திலேயே வண்டியை எடுத்தார். கியர்பாக்ஸ் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு ஒருநாள், பரீதாவின் அண்ணன் இருக்கிற கனடாவுக்கு அவர்களுக்கு விசா வந்தது. காலி செய்யும் நாளில் டெம்போ அண்ணன் வழக்கம்போல் வண்டியோடு வந்து நின்றார். ஏற்றத்தான் ஒன்றும் இல்லை. இருந்த பெட்டிகள் டாக்ஸியிலேயே அடங்கிவிட்டன. வெறும் வீட்டுக்குள் பரீதா அவரைக் கூப்பிட்டாள். அடுப்பில் பால் இருந்தது.

"ஐயய்யோ, காலி பண்றப்போ யாராச்சும் பால் பொங்க வைப்பாங்களாம்மா? மாத்திப் பண்றியே!" என்று இந்தத் தடவை அவர்தான் அணைக்கப் பாய்ந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொங்கட்டும் பாய்" என்றாள், தமிழில். "பொங்கட்டும்."

பொங்கியது. அடுப்பை அணைத்து, மேடையெல்லாம் வழிந்து, தரைக்கு வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அண்ணன் தோள் துண்டை எடுத்து மேடையைத் துடைத்தார். அதே துண்டால் முகத்தையும் துடைத்துக்கொண்டார். டாக்ஸி திரும்பி மறைந்த பிறகு, "முடிஞ்சிது டீச்சர்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

இப்போது அவர் வண்டியை விற்றுவிட்டு, கோலார் தங்கவயலில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். போன் செய்தால், "ஹலோ"வையே போன் இல்லாமல் அங்கிருந்து நேராக எனக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறார்.

போன மாதம் நான் மர்பி டவுனுக்கு வீடு மாறினேன். யூனிஃபார்ம் போட்ட பையன்கள் வந்து, மளமளவென்று இறக்கிவிட்டு, போனில் ஸ்டார் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பால் பாக்கெட்டை நானே வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். ஏறியது. பழக்கதோஷத்தில் கை அடுப்பின் குமிழுக்குப் போனது. குறுக்கே நின்று கத்துவதற்கு ஆள் இல்லை.

கையை எடுத்துக்கொண்டேன். வழிந்தது. "அண்ணே, பொங்கிடுச்சி" என்று யாருமில்லாத வீட்டில் சத்தமாகச் சொன்னேன், தங்கவயல்வரைக்கும் கேட்கட்டும் என்று.