கருந்தாமரைக் கிண்ணம்

ஔந்த் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஞாயிறு காலை பத்து மணிக்கே உட்கார இடமில்லை. கம்ப்யூட்டரில் சிறு கோளாறு என்றாலும் காரணம் தெரியாமல் தூங்காத பொறியாளர்கள், காரணமே கேட்காமல் வரிசையில் நின்றார்கள்.

மேடையில் கிண்ணம் விற்க வந்த சாமியார் சந்தானம்ஜி. எதிரே தங்க விளிம்பு வைத்த சீனப் பீங்கான் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும் எனாமலில் வரைந்த டிராகன். டிராகனுக்குப் பக்கத்தில் வரைந்த ஒரு கறுப்புத் தாமரை.

"சீனச் சக்கரவர்த்தி சாப்பிட்ட கிண்ணத்தோட வம்சம் இது! நல்ல மனசோட சமைச்சதை ஊத்தினா தாமரை சிவக்கும். சமைச்சவங்க மனசுல பொறாமை இருந்தா கறுப்பாவே நிக்கும்."

கிண்ணத்துக்கும் வம்சம் உண்டென்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. விலை பதினோராயிரம்.

அங்கே குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரி ரோஹிணி போன மாதமே ஒன்று வாங்கியிருந்தாள். காலையில் அவள் கிண்டிய உப்புமாவுக்குத் தாமரை சிவந்தது. ஏரவாடாவிலிருந்து வந்து சமைக்கும் தர்மாம்பாளின் குழம்புக்கு, இரவுச் சாப்பாட்டில், ஏழு நாளும் கறுப்பு. எட்டாம் நாள் ரோஹிணி அவளை நிறுத்தினாள். காரணத்தைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பிலும் எழுதினாள். தர்மாம்பாளுக்கு மற்ற மூன்று வீட்டு வேலையும் அந்த வாரமே போயிற்று.

அந்த தர்மாம்பாள்தான் இப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

"சாமி, இந்த ஸ்ரீகண்ட் பிரசாதம் நீங்க செஞ்சதா?"

"என் கையாலயே. நூத்தியெட்டு தடவை மந்திரம் சொல்லி."

ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் வந்த அந்தத் தயிர் இனிப்பை அவள் ஒரு கிண்ணத்தில் போட்டாள். தாமரை கறுப்பாகவே இருந்தது. சந்தானம்ஜியின் மனதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

தர்மாம்பாள் சமையலறைக்குப் போய் ஒரு சொம்போடு வந்தாள். இன்னொரு கிண்ணத்தில் ஊற்றினாள். தாமரை ரத்தச் சிவப்பாக மலர்ந்தது. முன்வரிசையில் இருவர் கைகூப்பினார்கள்.

"கும்பிடாதீங்க. எச்சில் டம்ளர் கழுவின வெந்நீர் இது."

கூப்பிய கைகள் இறங்கின.

"சூடு பட்டா சிவக்குது, ஆறினா கறுக்குது. நான் அஞ்சு மணிக்குச் சமைச்சு வச்சிட்டுப் போறேன். நீங்க ஒம்போதுக்குச் சாப்பிடுறீங்க. இதுல என் மனசு எங்க வந்துச்சு, ரோஹிணி தீதி?"

ரோஹிணியின் கணவன் மனோஜ் மெல்ல எழுந்தான். "என் ஆபீஸ் மேஜையிலயே இப்படி ஒரு கப் இருக்குது. காபி ஊத்தினா எங்க கல்யாண போட்டோ தெரியும். சூட்டுக்கு நிறம் மாறுற பெயின்ட்டுங்க!"

சந்தானம்ஜி பின்வாசலைத் தேடினார். அங்கே செக்யூரிட்டி நின்றிருந்தார். யாரோ போன் செய்ய, போலீஸ் வந்தது.

"தப்பு பண்ணிட்டேனுங்க. நாளைக்கு வந்துருங்க" என்றாள் ரோஹிணி.

"என் மனசு கெட்டதுன்னு குரூப்ல எழுதினீங்கல்ல? இல்லைன்னும் அதுலயே எழுதுங்க. அப்புறம் பாக்கலாம்."

ரோஹிணி அங்கேயே நின்று எழுதினாள்.

பெயின்ட் நிறம் மாற வெந்நீர் வேண்டும். புத்தி நிறம் மாற ஒரு கேள்வி போதும். அதையும் சமைக்க வருகிறவளே வந்து கேட்க வேண்டுமா?