ஒரே ஒரு தடவை கேட்டேன்

சோற்றைக் குப்பையில் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. அதனால் இதை மன்னிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுங்கை ஊடாங்கில் நான் வேலை செய்யும் ஆலையின் கேன்டீனில் மிச்சம் அதிகமாகிறது என்று எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். பசியை மீறித் தட்டில் சோறு குவிவதற்குக் காரணம், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற பயம்தான். எவ்வளவு வேண்டும் என்பதைச் சாப்பிடுகிறவனே முடிவு செய்தால் வீணாகாது. இப்படிச் சொல்லிக் கையில் சான்றிதழும் கொடுத்தார்கள். (எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.)

அடுத்த வாரம் தங்கை கவிதாவுக்கு நிச்சயதார்த்தம், தெங்கேராவில் ஒரு மண்டபத்தில். பந்தி என் பொறுப்பு. சாப்பாடு முடிந்து தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

"கேக்காம யாருக்கும் எதையும் வைக்கக் கூடாது. போதும்னா நகந்துடணும்லா" என்று பரிமாறுகிறவர்களுக்கு உத்தரவு போட்டேன்.

செர்காமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே பரிமாறினேன்.

"சோறு வைக்கட்டுமா அத்தை?"

"கொஞ்சமா போடுங்க தம்பி."

கொஞ்சமாகவே போட்டேன். (பூனை கூட முறைத்திருக்கும்.)

"பாயசம்?"

"ஐயோ, வேணாம்ப்பா."

வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டேன். நம்மவர்களின் முதல் 'வேணாம்' வெறும் மரியாதை, வற்புறுத்தினால்தான் கை நீளும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சான்றிதழ் மறக்கடித்துவிட்டது.

தட்டு மாற்றும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம். எதிரே பரோட்டா போடும் ரொட்டி சானாய் கடையில் பட்டுப்புடவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நானும் கவிதாவும் ஓடினோம்.

"வேணாம்னா விட்டுட்டுப் போற வீட்டுல என் மகன் வாயத் தொறந்து என்னத்தக் கேப்பான்? இந்தச் சம்பந்தமே வேணாம்ப்பா" என்றார் அத்தை, ரொட்டியைப் பிய்த்தபடி.

நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். கவிதா என் முதுகில் இடித்தாள். "ஒரு தடவயோட நிக்காதண்ணே. மறுபடி கேளு."

"வாங்க அத்தை."

"வேணாம்."

"வாங்க அத்தை, நீங்க இல்லாம எப்படி?"

அவர் கையைத் துடைத்தார். "அந்தப் பாயசம் இருக்கா?"

இருந்தது. அண்டா நிறைய இருந்தது. மிஞ்சியதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பருக்கை குப்பைக்குப் போகவில்லை. கொட்டிப் பழகியவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இன்றும் கவிதாவின் மாமியார் வீட்டு விருந்தில் அத்தை என் இலை முன்னால் நின்று, "தம்பிய ஒரு தடவதான் கேக்கணும், படிச்சவரு" என்பார். வீடே சிரிக்கும்.

நான் வெட்கப்படுவதில்லை. முதல் தடவையே "வேணும்" என்பேன். இலையையும் வழித்துவிட்டுத்தான் எழுவேன்.