தொட்டியில் மீன், தெருவில் நான்

ஹரோ,
15.03.1992

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணை செல்வரத்தினம் அவர்கட்கு,

தம்பி தில்லையம்பலம் லண்டனிலிருந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. கொழும்பில் உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளையார் ஒரு குறையும் வைத்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். இங்கே மீன்கள் சுகமாக இருக்கின்றன. மற்றவர்களின் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் மகள் கிரிஜா முதுமாணிப் படிப்புக்கு இங்கு வந்தபோது, அவளை என் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதினீர்கள். பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அவள் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி செய்யப்போகிறாள் என்று எழுதிய நீங்கள், அந்த மீனை எங்கே வைத்து வளர்ப்பாள் என்று ஒரு வரி எழுதவில்லை. நானும் மீன் எல்லாம் புத்தகத்தில் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஜனவரி தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம் பழுதாய்ப் போனது. இவளுடைய மீன்களோ திலாப்பியா, நம்முடைய குளத்துச் சாதி, குளிர் தாங்காது. ஒரு நாள் பின்னேரம் கதவைத் திறந்தால் இரண்டு மூடி போட்ட வாளிகளோடு பிள்ளை நிற்கிறாள். தன்னுடைய குளிர் கோட்டைக் கழற்றி வாளிகளுக்குப் போர்த்திவிட்டு, மெற்றோபொலிற்றன் ரயிலில் நடுங்கி நடுங்கி வந்திருக்கிறாள். "ரெண்டு மூண்டு நாளைக்குத்தான் சித்தப்பா" என்றாள். அந்த இரண்டு மூன்று நாட்கள் இன்றைக்கும் முடியவில்லை.

எங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும். மீன்களில் பாதி அங்கே குளிக்கும் தொட்டிக்குள் இறங்கிவிட்டன. மற்றப் பாதி, சாமான் போடும் சின்ன அறையில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில். காற்று அடிக்கும் பம்ப் இராப்பகலாக ஓடுகிறது. என் குறட்டையைக் குறை சொல்லும் என் மனுசி சிவனேஸ்வரிக்கு அதன் சத்தம் மட்டும் தாலாட்டாம். நான் குளிப்பதற்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் மன்னார் லூர்தம்மா வீட்டுக்குப் போகிறேன். தோளில் துவாயும் கையில் சோப்புப் பெட்டியுமாக ஒவ்வொரு காலையும் தெருவில் போகிற என்னைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர், மனைவி என்னைத் துரத்திவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். போன கிழமை என் கையைப் பிடித்து, தன்னுடைய மனைவியும் அப்படித்தான் செய்தாள், காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்றார். மீன் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். நம்பமாட்டார் என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆராய்ச்சி என்னவென்று நானும் கேட்டேன். "தொட்டியிலை கிடக்கிறதுகளுக்கு மீன்தூள் கலந்த சாப்பாடு சித்தப்பா. அறையிலை கிடக்கிறதுகளுக்கு சோயாவும் முருங்கையிலையும். ரெண்டும் ஒரேமாதிரி வளந்தால் சின்னக் குளம் வைச்சிருக்கிற சனம் மீன்தூள் வாங்கத் தேவையில்லை. இப்ப என்ன நடக்குது? ஏழைச் சனம் தின்னுற சூடை மீனை அரைச்சு, விக்கிற மீனுக்குப் போடுறாங்கள்" என்றாள். நியாயமான பேச்சுத்தான். அந்த நியாயத்தை என் குளியலறையில் வைத்துத்தானா நிலைநாட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஆனாலும் பிள்ளையின் உதவிப்பணம் செப்டெம்பரோடு முடிகிறது, அதற்குள் ஆராய்ச்சி முடியாவிட்டால் பட்டம் இல்லாமல் விமானம் ஏற வேண்டியதுதான் என்று கேட்டபின் வாயை மூடிக்கொண்டேன்.

கிழமைக்கொரு தரம் மீன்களை நிறுப்பாள். இரண்டு பக்கமும் ஒரே நிறை. அவளுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட பேராசிரியை அம்மா நேரில் பார்க்கவேண்டும் என்று போன சனிக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார். சிவனேஸ்வரி வடை சுட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே அந்த அம்மா, கிரிஜா விடிய வகுப்புக்குப் போய் இருட்டி வருகிற வெள்ளிக்கிழமைகளில் மீனுக்குச் சாப்பாடு போடுவது யார் என்று கேட்டார். சிவனேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் போடுறனான். ஆனால் வெள்ளிக்கிழமை எங்கடை வீட்டிலை மச்சம் இல்லை. அதாலை தொட்டியிலை இருக்கிறதுகளுக்கும் அண்டைக்குச் சைவச் சாப்பாடுதான்" என்றாள்.

பேராசிரியை என் முகத்தைப் பார்த்தார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் காலமெல்லாம் கடிதம் மொழிபெயர்த்த பழக்கதோஷம், நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கிரிஜாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"வெள்ளி மட்டுமோ சித்தி?" என்று ஈனசுரத்தில் கேட்டாள்.

"வெள்ளி, அமாவாசை, சஷ்டி, தைப்பூசம். நீ அவசரத்திலை போட மறந்திட்டுப் போற நாள் கொஞ்சமே? சிவராத்திரிக்கு முழு உபவாசம். ஒண்டும் போடேல்லை. பாவம், ஒரு குஞ்சு முகஞ்சுளிக்கேல்லை. விடிய நான்தான் விரதம் முடிக்கிற பாறணைக்கு எண்டு ரெண்டு கை கூடப் போட்டனான்."

அண்ணை, இதையும் நான் மொழிபெயர்த்தேன். பாறணைக்கு மட்டும் ஆங்கிலச் சொல் அகப்படவில்லை.

பேராசிரியை நல்ல மனுசி. சிரிப்பை அடக்கக் கோப்பைத் தேநீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு சொன்னார், இது கணக்கில் சேராது, முதலில் இருந்து தொடங்க வேண்டும், உடனே தொடங்கினால் செப்டெம்பருக்குள் மட்டுமட்டாக முடிக்கலாம் என்று. அதோடு விட்டாரா? இடைக்கிடை விரதம் பிடித்தும் மீன்கள் குறையாமல் வளர்ந்திருப்பது கவனிக்க வேண்டிய விஷயமாம். ஆகையால் இம்முறை மூன்றாவது கூட்டம் ஒன்று வேண்டுமாம், சிவனேஸ்வரி வளர்த்தது போலவே.

அவர் போனபின் கிரிஜா தொட்டி விளிம்பில் குந்தியிருந்து அழுத அழுகை எனக்குத் தாங்கமுடியவில்லை. "பெட்டியிலை எழுதி ஒட்டினனான் சித்தி" என்றாள். "எழுதினாப்போலை? வெள்ளிக்கிழமை கருவாட்டுத்தூள் பெட்டியை நான் தொடமாட்டன். இனியும் தொடேலாது" என்றாள் சிவனேஸ்வரி. பிள்ளையின் பட்டம் முக்கியமா, வெள்ளிக்கிழமை முக்கியமா என்று நான் கேட்டதற்கு இரண்டு நாட்கள் எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் வழி சொன்னது லூர்தம்மாதான். "தவக்காலத்து வெள்ளியிலை எங்களுக்கு இறைச்சிதான் ஆகாது, மீனுக்கென்ன? பெட்டி என்ரை வீட்டிலை கிடக்கட்டும். வெள்ளியிலையும் மற்ற விரத நாளிலையும் நானே வந்து போடுறன்" என்றார். குசினிப் பக்கம் வராமல் நேரே மாடிக்கு ஏறினால் சம்மதம் என்று சிவனேஸ்வரியும் இறங்கி வந்தாள். ஆக, எல்லாருக்கும் சமாதானம். எனக்கு மட்டும், இன்னும் பல மாதம் தெருவில் துவாய். மூன்றாவது கூட்டத்துக்கு வேறு இடம் இல்லை என்று என் கட்டிலின் காலடியில் ஒரு தொட்டியை வைத்துவிட்டார்கள். நேற்று இரவு கால் நீட்டினேன், தண்ணீருக்குள் போனது.

ஆகவே அண்ணை, நான் சொன்னால் இந்த வீட்டில் மதிப்பில்லை. நீங்கள் தகப்பன். மீனைக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட்டு, காகிதத்தில் முடிகிற ஒரு ஆராய்ச்சியை எடுக்கும்படி கிரிஜாவுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதவும். நான் சொல்லி எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். சிவனேஸ்வரி எனக்குச் சமைத்துத் தர வேண்டும் என்பதை நினைவில் வைக்கவும்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் எல்லோருக்கும் நல்லூரான் துணையிருப்பான்.

இப்படிக்கு,
குளிக்க வழியில்லாத தம்பி,
தில்லையம்பலம்

பி.கு. இந்தக் கடிதத்தை நேற்று ஞாயிறு எழுதி வைத்தேன். இன்று காலை பெண்கள் இருவரும் வெளியே போயிருந்த நேரம் பல்கலைக்கழக வான் வந்து நின்றது. இயந்திரம் திருத்தியாயிற்று, மீன் எல்லாவற்றையும் ஏற்றச் சொல்லி அனுப்பினார்களாம். நான் கும்பிட்ட தெய்வம் கண் திறந்தது என்று மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வந்தவன் வலையைப் போட்டு மீன்களை அள்ளி, தண்ணீர் சூடா குளிரா என்று கை வைத்தும் பாராமல் ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டான். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வாளியைப் பறித்துத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, "உங்கடை ஆய்வுகூடத்திலை சஷ்டி எப்ப எண்டு ஆருக்காவது தெரியுமோ?" என்று கேட்டேன். தெரியாது என்று ஒத்துக்கொண்டான். வானைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு பேராசிரியையோடு ரெலிபோனில் பேசினேன். என் பக்கம்தான் நியாயம் என்றார். ஆகவே கிரிஜாவுக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். சித்திரை பிறந்ததும் புதுவருடப் பஞ்சாங்கம் இரண்டு மட்டும் உடனே தபாலில் அனுப்பவும். ஒன்று எங்களுக்கு, மற்றது பேராசிரியை அம்மா கேட்கிறார்.