மாடியில் கட்டிய வரப்பு

படப்பை
27-10-91

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை மோகன் அவர்களுக்கு,

மாமனார் ஏகாம்பரநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ராணிப்பேட்டையில் தாங்களும் சுபஸ்ரீயும் சம்பந்தி வீட்டார் அனைவரும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் மாமியார் காமாட்சியம்மாளும் சுகம். வீட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை.

தலை தீபாவளிக்குத் தாங்கள் இருவரும் இங்கே வருவதாக ஏற்பாடு. அதை இந்த ஒரு தடவை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தலை தீபாவளி பெண் வீட்டில்தான் என்பது எனக்கும் தெரியும். ஆவணியில் பெண்ணை வண்டி ஏற்றி அனுப்பிய நாளிலிருந்து நான் தீபாவளிக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நீங்கள் வந்து பார்க்கும் நிலையில் வீடு இல்லை. உங்கள் மாமியாரும் இதையேதான் சொல்கிறார்.

நடந்தது இதுதான். உங்களுக்கு ஒதுக்கிய அறையில், கட்டிலுக்கு நேர் மேலே, தளத்தில் வடை அளவு ஒரு ஈரப்புள்ளி இருந்தது. கல்யாணத்தின்போது சம்பந்தி அம்மாள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே காபி குடித்தார்கள். அந்தப் பார்வை என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மாப்பிள்ளை வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று மேஸ்திரி கன்னியப்பனைக் கூப்பிட்டேன். அவர் மாடியில் விரிசலைக் கொத்தி, சிமென்ட் பூசி, "பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, அப்பத்தான் பூச்சு இறுகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். எவ்வளவு தண்ணீர் என்று சொல்லவில்லை. தப்பு முழுக்க அவர்மேல்தான்.

எனக்குத் தெரிந்த பாத்தி கழனியில் கட்டுகிற பாத்திதான் மாப்பிள்ளை. நிலத்தை விற்றுக் கம்பெனி வேலைக்கு வந்த பிறகு மண்வெட்டியைத் தொட்டே வெகுநாள் ஆச்சு, கை சும்மா இருக்குமா? ஏரி மண் ஒரு வண்டி இறக்கினேன். மாடி சுத்தியும் வரப்பு போட்டு, காலால மிதிச்சு, ஓரம் அணைச்சு, மழைத்தண்ணி இறங்குற குழாயில கோணியைத் திணிச்சு, முழங்கால் அளவுக்குத் தண்ணி நிறுத்திட்டேன். அப்படி ஒரு வரப்பை ஒரகடத்துல எங்க நிலத்துலயே நான் போட்டதில்ல. உங்க மாமியார் ஏணியில பாதி ஏறிப் பார்த்துட்டு, "நாத்து எப்போ வருது?"ன்னு கேட்டாங்க. பாராட்டுறாங்கன்னு நினைச்சுட்டு வேலைக்குப் போயிட்டேன்.

அன்னிக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட். நடுவுல மழை பிடிச்சது பாருங்க, ஐப்பசி மழை. எல்லாரும் மழைக்கு முன்னாடி குழாய் அடைப்பை எடுப்பாங்க, நான் அடைச்சு வச்சுட்டு வந்திருக்கேன். திரும்பி வந்து பார்த்தா வரப்பு ஒரு பிடி மண் கரையல, தளம்தான் தாங்கல. வடை அளவு இருந்த புள்ளி பாய் அளவு ஆயிடுச்சு. காரை பேந்து கட்டில்மேல விழுந்து கிடக்குது. சீர் மெத்தை தண்ணியைக் குடிச்சுட்டு, நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியல. சுவத்துல அடிச்ச பெயின்ட் பூரி மாதிரி உப்பிக்கிச்சு. பீரோ மேல தண்ணி ஒழுகி, உள்ளே சுபஸ்ரீக்கு எடுத்த அரக்குப் புடவையோட சாயம் உங்களுக்கு எடுத்த பட்டு வேட்டியில இறங்கிடுச்சு. வேட்டி இப்போ ரோஸ் கலர். மேலே போய்ப் பார்த்தா தவளை கத்துது.

இதைக் காய வைக்கணுமே. பக்கத்து வீட்டு ரகுபதி கம்பெனியில பெயின்ட் ஷாப்ல இருக்கான். பெயின்ட் காய வைக்கிற பெரிய லைட்டு ஒண்ணு பழசு கிடக்குதுன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தான். சுவத்துக்கு நேரா நிறுத்திப் போட்டோம். சுவரும் காயல, எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் கரண்ட்டும் இல்ல. சண்டைக்கு வந்தவங்க உள்ளே எட்டிப் பார்த்துட்டு, சண்டையை மறந்து ஆளுக்கு ஒரு மூலை பிடிச்சு மெத்தையை வெளியே இழுத்தாங்க. எதிர்வீட்டுப் பாஞ்சாலி, வீடு பூரா சாம்பிராணி போட்டுட்டுப் போச்சு. இப்போ அறையில ஈர நாய் கோயிலுக்குப் போயிட்டு வந்த வாசனை.

இந்த வீட்டுல உங்களை எப்படிப் படுக்க வைப்பேன்? சம்பந்தி அம்மாள் கேட்டா என் பொண்ணு என்ன பதில் சொல்லுவா? அவளைப் பார்க்காம இந்தத் தீபாவளி எனக்குத் தீபாவளி இல்ல. இருந்தாலும் அவ தலை குனியக் கூடாது. ஆகவே மன்னிக்கணும். பொங்கலுக்குள் எல்லாம் காய்ந்துவிடும்.

இருவரும் நனையாத கூரையின் கீழ் நீண்ட நாள் ஒற்றுமையாக வாழ ஆசீர்வதிக்கும்,
ஏகாம்பரநாதன்

பி.கு.: தபாலில் போடும் முன் படித்துக் காட்டச் சொன்னார் உங்கள் மாமியார். காட்டினேன். 'மாமியாரும் இதையேதான் சொல்கிறார்' என்று எழுதியது நானாகப் போட்டது. இனி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னது, அப்படியே:

"நாலு வெரக்கடை தண்ணி போதும்னு மேஸ்திரி சொன்னாரு, என் காதால கேட்டேன், அத்த மொதல்ல எழுதுய்யா. என் பொண்ணு பொறந்ததே ஒழுகுற வூட்லதான். மழ வந்தா எங்கெங்க குண்டான் வெக்கணும்னு நடக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிகினா. காஞ்ச செவுத்த பாக்கவா அவ வரா? உன்ன பாக்க வரா. இன்னா அப்பன் நீ?"



ஆகையால் மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அவசியம் இருவரும் வரவேண்டியது. வாலாஜாபாத் வழி பஸ்ஸில் ஏறுங்கள், நான் ஸ்டாப்பில் குடையோடு நிற்பேன். வேட்டியை மட்டும் கோபிக்காமல் கட்டிக்கொள்ளவும். மாடி வரப்பை வெட்டிவிட்டேன், தவளைகள் போய்விட்டன. ஆனால் கட்டில் பக்கம் ஒரே ஒரு இடத்தில் இன்னும் சொட்டுகிறது. குண்டானை நான் எங்கே வைத்தாலும் துளி பக்கத்தில்தான் விழுகிறது. சுபஸ்ரீ வந்து வைக்கட்டும்.