பின்வீட்டுக்கு என்ன வாடகை?

அளவு டேப்பின் ஒரு முனை அவள் கையில் இருந்தது, மறுமுனை அவள் கணவர் கையில். பின்வீட்டு ஜன்னலுக்குத் திரைக் கம்பி வாங்க வேண்டும்.

"இழுத்துப் பிடி. பாம்பு வாலைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறியே."

"அடுப்புல பாலை வெச்சுட்டு வந்திருக்கேன். அளந்தது போதும்னா சொல்லுங்க."

"சரி, விடு."

விட்டாள். டேப் சர்ரென்று ஓடி அவர் கைக்குள் சுருண்டுகொண்டது. அவர் அளவைச் சீட்டில் குறித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அவள் ஓடிப்போய்ப் பாலை இறக்கினாள். பொங்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கடையிலிருந்து போன் வந்தது. கம்பியை வெட்டி வாங்கிக் கையில் பிடித்தபடியே கல்லாமேல் சாய்ந்துவிட்டாராம்.

மறுவாரம் கடைக்காரர் அந்தக் கம்பியைத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவள் மாட்டிப் பார்த்தாள். அளவு மயிரிழை பிசகவில்லை.

அவர் முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். "ஊரையெல்லாம் மேலயும் கீழயும் அனுப்பியே காலம் போயிடுச்சு. இனிமே தரையோட தரையா ஒண்ணு கட்டணும்" என்று சொல்லி, ஓய்வு பெற்ற மறுநாளே கொல்லையில் கயிறு கட்டிக் கோடு போட்டார். ஒரு அறை, மூலையில் சமையல் மேடை, ஒரு குளியலறை. இதற்கு மூன்று வருஷம். ஆள் வைத்துக் கட்டினால் சுவர் கோணிவிடும் என்று பயம். கடைசியில் சுவரெல்லாம் நேராக நின்றது, அவர் முதுகுதான் கோணியது.

அவர் போனதிலிருந்து, நாலு மாதமாக, அவள் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அந்தப் பூட்டைத் திறப்பாள். தரையைப் பெருக்குவாள். பத்து நிமிஷம் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். பூட்டிவிட்டுப் போவாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் இவ்வளவுதான்.

ஆனால் இதை வெளியூரில் இருக்கும் மகனிடம் சொல்ல முடியாது. சொன்னால், அம்மா உடைந்துபோய்விட்டாள் என்று முடிவுகட்டி, மூட்டை முடிச்சோடு தன் பத்தாவது மாடிக்கு அழைத்துப் போய்விடுவான். அதனால், ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் "பின்வீட்டை என்னம்மா பண்ணப்போறே?" என்று கேட்டபோது அவள் குரலைக் கெட்டியாக வைத்துக்கொண்டாள்.

"வேற என்ன? வாடகைக்கு விடப்போறேன்."

மறுமுனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நல்லதும்மா," என்றான். "சும்மா பூட்டி வெச்சு என்ன செய்யறது? எந்தத் தரகர்கிட்ட சொல்லப்போறே?"

"பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ல, சிவப்புப் போர்டு போட்டவர்."

வாயை விட்டாயிற்று. இனித் தரகரைக் கூப்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் வருகிறவர்களை வராமல் செய்ய அவளுக்கு ஒரு வழி தெரியும்.

அவள் ஒரு பல் மருத்துவரிடம் இருபது வருஷமாக முன்மேசையில் அப்பாயின்ட்மென்ட் கொடுத்துக் காசு வாங்குபவள். தெருவில் அவளுக்குப் பெயரே அப்பாயின்ட்மென்ட் அக்காதான். டாக்டருக்குப் பிடிக்காத நோயாளி யாராவது வந்தால் அவர் கண்ணைக் காட்டுவார், அவள் கட்டணத்தை இரண்டு மடங்காகச் சொல்வாள். வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு, அதுவும் வலிக்கிற பல்லையே கடித்துக்கொண்டு, போய்விடுவார். இருபது வருஷத்தில் ஒருவரையும் அவள் 'வராதீங்க' என்று சொன்னதில்லை.

தரகர் வந்தார். பின்வீட்டுக் கதவைத் திறந்து மூடினார். சத்தமே வராததால் சந்தேகப்பட்டு மறுபடியும் திறந்து மூடினார்.

"இந்த வட்டாரத்துல கொல்லை வீட்டுக்கு எண்ணூறு போகுதுக்கா. இது புதுசு. தொள்ளாயிரம் கேட்டுப் பார்ப்போம்."

"ஆயிரத்து அறுநூறு," என்றாள், கட்டணம் சொல்லும் அதே குரலில்.

தரகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முன்வீட்டையும் சேர்த்தா?"

"பின்வீடு மட்டும்."

"உங்க தைரியத்துக்கு ஒரு கும்பிடு," என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் நிம்மதியாகக் கேட்டைச் சாத்தினாள்.

மூன்றாம் நாள், வாயில் பஞ்சு வைத்த ஒரு நோயாளிக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அக்கா! ஆள் கிடைச்சாச்சு!"

"எந்த வாடகைக்கு?"

"நீங்க சொன்ன வாடகைக்குத்தான். ஒரு பைசா குறைக்கச் சொல்லலை. வெளியூர்க்காரர். பேரு வெளிய தெரிய வேணாமாம், பத்திரத்தை என் பேர்லயே எழுதிக்கச் சொல்லிட்டார்."

"வீட்டைப் பார்க்க வேணாமா அவருக்கு?"

"பார்க்காமலே பிடிச்சிருக்காம்."

அவளுக்கு வியர்த்துவிட்டது. "நீங்க சரியாக் கேட்டுக்கலை. ஆயிரத்து அறுநூறு அறைக்கு மட்டும். குளியலறைக்கு எண்ணூறு தனி."

தரகர் தொழிலில் முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர், குளியலறையைத் தனியாகப் பிய்த்து விற்பதை இன்றுதான் கேள்விப்படுகிறார். சாயங்காலம் மறுபடி போன் வந்தது.

"அக்கா." குரல் தழைந்திருந்தது, கோயிலுக்குள் பேசுவதைப்போல. "சரின்னுட்டார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் எடுத்த எடுப்பிலேயே கேட்டான். "வாடகை என்னம்மா சொல்லியிருக்கே?"

"இரண்டாயிரத்து நானூறு."

எங்கோ ஒரு டம்ளர் உருண்டது. "இன்னும்... இன்னும் ஏறுமாம்மா?"

ஆசையைப் பார், என்று நினைத்துக்கொண்டாள். அப்பா கட்டின வீட்டில் யார் புரண்டாலும் இவனுக்குக் காசு வந்தால் போதும். வருத்தமாகத்தான் இருந்தது. வளர்ப்பு சரியில்லை என்று சொல்லவும் வழியில்லை, வளர்த்தவளே அவள்தான். பின்னாலிருந்து மருமகள், "அத்தையைக் கேட்டதா சொல்லுங்க" என்றாள். அவள் குரலும் அவ்வளவு தெம்பாக இல்லை.

விலைக்கு மசியாத ஆளை விதியால் மடக்குவது என்று முடிவு செய்து, மறுநாள் ஒரு முழுத்தாளில் நிபந்தனைகளை எழுதினாள். சமைக்கக் கூடாது. விருந்தாளி கூடாது. ஏழு மணிக்குமேல் விளக்குப் போடக் கூடாது. சுவரில் சாயக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. ஜன்னல் திரையை இழுக்கும்போது வேகமாக இழுக்கக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்ம வேண்டும்.

தரகர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அக்கா, இது வீடா, ஆபரேஷன் தியேட்டரா?"

"இஷ்டமிருந்தா வரட்டும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே தரகர் கேட்டில் நின்றார். "எல்லாத்துக்கும் சம்மதமாம். ஆணி அடிக்கக் கூடாதுங்கறதை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். 'ரொம்ப சரி, ரொம்ப சரி'ன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது அக்கா. இவ்வளவு பணிவான குடித்தனக்காரரை நான் பார்த்ததே இல்ல."

அதற்குள் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரி தன் கொல்லை அறையை ஒரு நர்சுக்கு எழுநூறுக்கு விட்டிருந்தாள். உடனே ஆயிரத்து ஐந்நூறாக்கினாள். நர்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். முனைவீட்டு ஓட்டுநர் கோழிக்கூண்டு இருந்த இடத்தில் சுண்ணாம்படித்து 'தனி வீடு, இரண்டாயிரம்' என்று பலகை மாட்டினார். கோழி இன்னும் காலி செய்திருக்கவில்லை. யாரோ அந்தப் பலகையைப் படமெடுத்துப் போட, அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று பலகைகளில் எண்கள் அழித்து எழுதப்பட்டன.

அவள் வேலைக்கு நடந்துபோகும் வழியெல்லாம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே போனாள். மலைப்பாக இருந்தது. ஒரு பூட்டை வேறு யாரும் திறக்காமல் இருப்பதற்காக அவள் வாயிலிருந்து வந்த எண், தானாகக் கால் முளைத்து ஊர் சுற்றிவிட்டு, 'சந்தை நிலவரம்' என்ற கௌரவமான பெயரோடு அவள் எதிரிலேயே வந்து நின்றது. உலகத்தில் எல்லா விலையும் இப்படித்தான் பிறக்குமோ? எங்கோ ஒருத்தி எதையோ விட மனமில்லாமல் சொன்னதாக இருக்குமோ?

தையல்காரி வழிமறித்தாள். "அக்கா, உங்களை நம்பி நர்ஸைத் துரத்திட்டேன். இப்ப ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. உங்க ஆளு மாதிரி இன்னொருத்தர் இருந்தா சொல்லுங்களேன்."

"நர்ஸைத் திரும்பக் கூப்பிடு. பழைய வாடகைக்கே கூப்பிடு. அவ பாவத்தைக் கொட்டிக்காதே."

"உங்களுக்கென்ன, சொல்லுவீங்க. உங்களுக்குத்தான் ராஜா மாதிரி ஒருத்தர் மாட்டியிருக்காரே."

அன்று பின்வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்தபோது அவள் விரல்விட்டு நாள் எண்ணினாள். ஒன்றாம் தேதி பத்திரம். அந்த ராஜா பெட்டியோடு வந்து இறங்குவார். இந்தத் தரையில் நடப்பார். கதவை மூடிப் பார்த்து, 'அட, சத்தமே இல்லையே' என்பார். அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லாமலே போய்விட்ட பிறகு.

மகனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். பத்தாவது மாடி கண்ணில் நின்றது. வைத்துவிட்டாள். நேராகத் தரகர் கடைக்குப் போனாள்.

"வாடகை மூவாயிரம். கடைசி நிபந்தனை ஒண்ணு இருக்கு, எழுதிக்கங்க."

தரகர் பேனாவைத் திறந்தார்.

"குடி வர்றவர் வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

பேனா நின்றது. "முன்வீட்டுக்குள்ளயா அக்கா?"

"பின்வீட்டுக்குள்ள. என்னைக்குமே. சாவியும் என்கிட்டதான் இருக்கும்."

தரகர் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். "அக்கா, உடம்பு ஏதாவது..."

"நல்லாத்தான் இருக்கேன். கேளுங்க அவரை. இப்பவே கேளுங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவதும், நெற்றியில் கை வைப்பதும், அப்படியே மெதுவாகப் படியில் உட்கார்ந்துவிடுவதும் தெரிந்தது. அப்பாடா, முடிந்தது என்று தண்ணீரைக் குடித்தாள்.

தரகர் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சம்மதமாம் அக்கா. இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டார். குரலே உடைஞ்சுபோச்சு அவருக்கு. சந்தோஷத்துல."

ஒன்றாம் தேதி பத்திரம் முடிந்தது. வாடகை வந்தது. மறுமாதமும் வந்தது. அவள் தினமும் பூட்டைத் திறந்தாள், பெருக்கினாள், உட்கார்ந்தாள், பூட்டினாள். எல்லாம் முன்போலவே இருந்தது, ஒருவர் அதற்கு மாதம் மூவாயிரம் கொடுக்கிறார் என்பதைத் தவிர. தையல்காரி நர்ஸின் கையைக் காலைப் பிடித்து அறுநூற்றைம்பதுக்குத் திரும்ப அழைத்து வந்தாள். கோழியும் தன் இடத்துக்குத் திரும்பியது.

அப்பாயின்ட்மென்ட் அக்காவுக்கு மட்டும் பிரமிப்பு அடங்கவில்லை. முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்தால் கை தானாகக் குவிந்தது. சாமியாரா? பைத்தியமா? பெரிய இழப்பு எதையாவது பார்த்தவரா? வெறும் அறை ஒன்று வெறுமனே இருப்பதற்காகக் காசு கொடுக்கிற மனசு யாருக்கு வரும்? பெற்ற பிள்ளைக்கே வராத மனசு. மகன் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வாடகையைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. வருமானம் நின்றுவிடாது என்று தைரியம் வந்துவிட்டதாக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் இருபதாம் தேதி, ஒரு புதன்கிழமை மத்தியானம், மருத்துவமனையில் கூட்டம் ஓய்ந்த நேரம், மருமகள் கூப்பிட்டாள். புதன்கிழமையில் அவள் கூப்பிட்டதே இல்லை. மாடிப்படியில் நின்று பேசுகிறாள் போலிருந்தது, குரல் எதிரொலித்தது.

"என்னம்மா, குழந்தைகளுக்கு ஏதாவது...?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் அத்தை. அவர் இல்லாத நேரமாப் பார்த்துக் கூப்பிடறேன், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. மாமா கட்டினதுல வேத்து மனுஷங்க யாரும் கால் வெச்சிடக் கூடாது, அதே சமயம் உங்க வருமானத்துக்கும் குறுக்க நிக்கக் கூடாதுன்னு, உங்க பிள்ளைதான் அந்தத் தரகரைப் பிடிச்சு, பேரை மறைச்சு, பின்வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கார். எனக்கும் அதுல சம்மதம்தான் அத்தை, ஆனா அந்தக் குளியலறைக் காசை மட்டுமாவது குறைச்சுக்கிட்டீங்கன்னா, மாசக் கடைசியில நாங்களும் ஏதாவது சாப்பிடுவோம்."