ஓவனுக்குள்ளே மெழுகு

இலக்கணம் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. எனக்கு முழுகத்தான் பார்த்தது. அதுவும் ஒரே ஒரு சொல்லால்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்தே தீருவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தேன். ராஜகோபுரத்துக்கு எதிரே பூக்கடை வைத்திருந்த அப்பா நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர்.

"இந்த வருஷம் எடம் கெடச்சா படி. கெடைக்கலன்னா கீழ்பென்னாத்தூர் மாமன் புள்ளைக்கே முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

மாமன் மகன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அவர் மல்லாட்டையைத் தவிர (நிலக்கடலைதான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வேறெதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. ஆயுசு முழுக்க மல்லாட்டையா என்று நினைத்தாலே தொண்டையை அடைத்தது.

அப்போது செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரம்மா வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். ஊரே அவரைத் துரைசானி என்றுதான் சொல்லும். வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக நான் பகலில் போய்வந்தேன். வேலூர்ப் பக்கம் ட்ரெயினிங் ஸ்கூல் ஒன்றின் பெரிய டீச்சரம்மா துரைசானிக்குச் சிநேகிதி. அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வரும்போது என்னைப் பற்றிச் சொல்வதாகத் துரைசானி வாக்குக் கொடுத்திருந்தார்.

விருந்துக்குக் கேக். கேக்குக்கு ஓவன். ஓவன் என்றால் பட்டனைத் தட்டுகிற சமாச்சாரம் இல்லை. கதவு வைத்த ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் ஸ்டவ்மேல் தூக்கி வைக்கவேண்டும்.

துரைசானி தமிழ் பேசுவார். ஆனால் அவர் தமிழில் வினைச்சொல்லே கிடையாது. "தண்ணீர்" என்றால் கொண்டுவர வேண்டும். "கதவு" என்றால் சாத்தவேண்டும். "நாய்" என்றால் விரட்டவேண்டும். மிச்சத்தை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். (ஒரு நாள் "வாழைப்பழம்" என்றார். கொடுப்பதா, வாங்கிவருவதா என்று தெரியாமல் நானே தின்றுவிட்டேன். "நன்றி" என்றார். இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.)

ஞாயிறு காலை டீச்சரம்மாவை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பியவர், ஓவன் கதவைத் திறந்தார். உள்ளங்கையை வட்டமாகச் சுற்றிக் காட்டி, "மெழுகு! உள்ளே மெழுகு! சுத்தம்!" என்று சொல்லிவிட்டுக் குதிரைவண்டி ஏறிவிட்டார்.

எனக்குப் புல்லரித்தது. துரைசானி வாயிலிருந்து முதன்முதலாக ஒரு வினைச்சொல்!

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் மண் அடுப்பைச் சாணி போட்டு மெழுகிக் கோலம் போடுவது நான்தான். ஆனால் தகரப் பெட்டியை, அதுவும் உள்ளே மெழுகுவதா? ஒன்றும் புரியாமல் எட்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக, வழவழவென்று ஏதோ உறைந்திருந்தது. கொழுப்பு! உடம்பு கூசியது. நாங்கள் சைவம். உடனே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது (அதுதான் வினையே). எப்போதோ இதில் இறைச்சி சுட்டிருக்கிறார். நம்ம ஊருக்கு வந்து மனம் மாறி, பெட்டியைச் சாணி போட்டுச் சுத்தப்படுத்தச் சொல்கிறார். ஐயோ பாவம், என்ன பக்தி! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பக்கத்து மாட்டுக் கொட்டகையில் பசுஞ்சாணி வாங்கிவந்தேன். சுவர், கூரை, கதவின் உட்புறம் எதையும் விடவில்லை. அடியில் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே அப்பினேன். அது காய்ந்ததும் ஓரத்தில் செம்மண் பட்டை, நடுவில் எட்டுப் புள்ளிக் கோலம். தலையை உள்ளே விட்டுப் போட்டதில் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

கேக் வைப்பதற்கு முன்னால் வெறும் பெட்டியைச் சூடாக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வருகிற நேரம் பார்த்து ஸ்டவ்வைப் பற்றவைத்து, பெட்டியை ஏற்றிவிட்டு, முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன்.

வண்டி வந்தது. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையும் குடையுமாக டீச்சரம்மா இறங்கினார். கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்.

"என்னம்மா அது, வீட்டுக்குள்ள வரட்டி எரியற வாடை வருது?"

மூன்று பேரும் ஓடினோம். சமையலறை தெரியவில்லை, புகைதான் தெரிந்தது. துரைசானி ஸ்டவ்வை அணைத்து, துணியால் பிடித்து ஓவன் கதவைத் திறந்தார். என் எட்டுப் புள்ளிக் கோலம் முழுசாக வழுக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது. கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கோலத்தைப் பார்த்தார்.

"மெழுகு?" என்றார் ஈனக்குரலில்.

"மெழுகிட்டேங்க."

"மெழுகு?"

"சத்தியமா மெழுகிட்டேங்கம்மா! கதவைக்கூட வுடல!"

டீச்சரம்மா துரைசானியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பதில் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். எலிக்குப் பயந்து துரைசானி மெழுகுவத்திகளை ஓவனுக்குள் வைத்திருந்தாராம். முந்தின நாள் அதை மறந்து அடுப்பில் ஏற்றியதில் எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டதாம். அந்த மெழுகைச் சுரண்டி எடுக்கத்தான் சொன்னாராம். அவர் ஊரில் யாரும் ஓவனுக்குச் சாணி போடுவதில்லையாம்.

மல்லாட்டை மூட்டைகள் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன. ஓவென்று அழுதுவிட்டேன்.

"அழாத. கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மெழுகுன்றது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா?" என்றார் டீச்சரம்மா.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்: "நான் வினைன்னு நெனச்சேங்க. அவங்க பெயரா சொல்லிட்டாங்க. சாணி இருந்தா வினை, இல்லன்னா பெயருங்க."

அதற்கப்புறம் அவர் வாயைப் பொத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "மார்க் ஷீட்டைக் கொண்டா" என்று, நான் கையோடு கொண்டுவந்திருந்ததை வாங்கிப் பார்த்தவர், "ஜூன் மாசம் பொட்டியோட வந்து சேரு. ஆனா ஹாஸ்டல் சமையக்கட்டுப் பக்கம் உன்னைப் பார்க்கக்கூடாது" என்றார்.

கேக் இல்லாத விருந்து முடிந்ததும் வெந்நீரும் சோடா உப்புமாக ஓவனைக் கழுவ உட்கார்ந்தேன். உருகிய மெழுகைச் சாணி உறிஞ்சிக்கொண்டதில், மிச்சமிருந்ததும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே தகரம் பளபளத்தது. துரைசானி வியந்துபோய் ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அவர் ஊர் ஓவன்களுக்கு என்ன கதி ஆனதோ, எனக்குத் தெரியாது.

தமிழ் டீச்சராகவே இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது வீட்டில் மகள் வாங்கிவைத்த ஓவன் இருக்கிறது. அதைத் துடைக்க நான் துணியை எடுத்தால் போதும், கூடத்திலிருந்து ஒரு குரல் வரும்: "இன்னா டீச்சரு, இன்னிக்குப் பெயரா, வினையா? வினைன்னா சொல்லு, சாணிக்கு ஆள் அனுப்பறேன்."

ட்ரெயினிங் முடித்து, வேலையில் சேர்ந்து, அதற்கப்புறம் நானே சம்மதித்துக் கட்டிக்கொண்ட கீழ்பென்னாத்தூர் மாமன் மகனின் குரல்தான். மல்லாட்டையைத் தவிர அவருக்குப் பேச இன்னொரு விஷயம் கிடைத்துவிட்டது.