ரகசியக் கவரும் நான் அவிழ்த்துவிட்ட சிறுத்தையும்

என் வாழ்நாளில் அரசாங்க ரகசியம் ஒன்றே ஒன்றுதான் என் கைக்கு வந்தது. அதுவும் முக்கால் மணி நேரம்தான் ரகசியமாக இருந்தது.

இடஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.) என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் அதிகாரியின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. கையெழுத்து விழாவிட்டால் அப்பாவோடு கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான்.

அன்று அதிகாரி பதினான்கு பெயர்களைச் சொல்ல, நான் டைப் அடித்தேன். அடுத்த மறியலுக்கு முன்பே பிடித்து வைக்க வேண்டியவர்களின் பட்டியல்.

"கச்சிராயபாளையம் ஸ்டேஷன்ல நீயே நேர்ல குடுத்துட்டு வா. காத்துக்குக்கூடத் தெரியக் கூடாது" என்றார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் பக்கத்தில் மருந்து, மல்லிகைப்பூ, மாப்பிள்ளை ஜாதகம் எல்லாமே டவுன் பஸ் கண்டக்டர் கையில்தான் போகும். எதுவும் தொலைந்ததில்லை. நானும் பட்டியல் இருந்த கவரைக் கண்டக்டர் ஏழுமலையிடம் கொடுத்து, "ஸ்டேஷன்ல சேத்துடுங்க. ரொம்ப ரகசியம்" என்றேன். (அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் பிரித்திருக்கவே மாட்டேன் என்று அவர் இன்றும் சத்தியம் செய்கிறார்.)

ஏழுமலை சொன்னபடி கவரை ஸ்டேஷனில் சேர்த்தார். அதற்கு முன் பஸ்ஸில் ஒருமுறை உரக்கப் படித்தார்.

மறுநாள் போலீஸ் போனபோது பதினான்கு வீடும் பூட்டிக் கிடந்தன. ஆட்கள் கல்வராயன் மலையேறிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது, நைனார்பாளையம் கோவிந்தன் ஆபீஸில் வந்து நின்றபோதுதான்.

"இன்னாங்க சார் இது? நாலு வருசமா கொடி தூக்கினு அலையறேன். லிஸ்ட்ல என் பேரு இல்லியாமே? வூட்ல ஒருத்தரும் மதிக்க மாட்டேங்குறாங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எந்த லிஸ்ட்?"

"பஸ்ல கண்டக்டரு படிச்சாரே, அதாங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த என் ஃபைலைப் பார்த்தேன்.

அதற்குள் வாசலில் இரண்டு நிருபர்கள். ரகசியப் பட்டியல் வெளியே போனது உண்மையா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். "நீ கிளப்பின பூதம். நீயே அனுப்பு" என்று அதிகாரி பல்லைக் கடித்தார். வெளியே போனேன். வாய் தானாகத் திறந்தது.

"அது கெடக்குது சார். மலையடிவாரத்துல கோமுகி அணைகிட்ட சிறுத்தை எறங்கி ஆட்ட அடிச்சிடுச்சு, தெரியாதா?"

இருவரும் பேனாவைக்கூட மூடாமல் பஸ் ஏறினார்கள்.

மறுநாள் பேப்பரில் பட்டியலைப் பற்றி ஒரு வரி இல்லை. சிறுத்தைக்கு அரைப் பக்கம். நேரில் பார்த்தவர்களே ஆறு பேர் இருந்தார்கள். (நான் விட்டது ஒரு சிறுத்தை. அவர்கள் அதைக் குட்டிகளோடு பார்த்திருந்தார்கள்.)

அந்தப் பேப்பர் மலைக்கும் போயிற்று. சாயந்திரமே பதினான்கு பேரும் அதே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக ஸ்டேஷனுக்குள் நடந்தார்கள். "போலீஸ் அடிச்சா வலிக்கும், அவ்ளோதான். சிறுத்தகிட்ட இன்னா பேச முடியும்?" என்றாராம் அவர்களில் ஒருவர்.

பதினான்கு பேரும் சிக்கியதற்கு மேலிடம் பாராட்டியதில் மனம் குளிர்ந்து, அதிகாரி என் ஃபைலில் கையெழுத்துப் போட்டார். கூடவே இன்னொரு தாளிலும் போட்டார். சிறுத்தைக்காக அணையருகே வைத்த கூண்டுக்கு ஒரு வாரம் பகல் காவல் நான். "உன் சிறுத்தைதானே? நீயே பாத்துக்கோ."

கூண்டுக்குள் ஆடு, வெளியே நான். கிளை அசைந்தால் முதலில் கத்தியது நான்தான். நானே விட்ட பொய் என்று என் பயத்துக்குத் தெரியவில்லை.

மனசாட்சி உறுத்தியதால் தினமும் ஏழுமலைதான் தன் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தார். சமைத்தது அவர் தங்கை. அடுத்த தை மாதம் அவளையே கட்டிக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் மேலே கோவிந்தன் பெயரைப் போட்டோம். அவர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

போன மாதம் பேத்தியின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தோம். வழக்கம்போல என் மனைவி கேட்டாள்: "கோவிந்தண்ணன் பேரு இருக்குதா? கவர ஒட்டினீங்களா? எங்கண்ணன் கையில குடுத்துடாதீங்க."

அதற்குள் மச்சான் அதை டீக்கடையில் உரக்கப் படித்து முடித்திருந்தார்.